இடையன்குடி வீடு

போன மாதம் சென்னையிலிருந்து பேத்தி வந்திருந்தாள். கல்லூரியில் மொழியியல் படிக்கிறாள். வந்த மறுநாளே, "தாத்தா, இடையன்குடி இங்கிருந்து ரொம்ப தூரமா? கால்டுவெல் வீட்டைப் பார்க்கணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு காலத்தில் வீடு இரண்டாகும். அது அவளுக்குத் தெரியாது. "போகலாம் மக்கா" என்றேன்.

பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி, இட்டமொழி, திசையன்விளை என்று போக வேண்டும். நம் பக்கத்துக்காரர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. திசையன்விளை தாண்டியதும் மண்ணின் நிறம் மாறும். தேரி மண், செக்கச் செவேலென்று. பனை, உடை மரம், மறுபடியும் பனை. கடல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உவரிப் பக்கத்துக் காற்று முகத்தில் உப்பாக அடிக்கும். இடையர்கள் குடியிருந்த இடம் என்பதால் இடையன்குடி என்று பேர். பாதிரியார்கள் வந்த காலத்தில் அங்கே பனையை நம்பிப் பிழைத்தவர்களே அதிகம். எங்கள் முன்னோர்களும் அந்த வட்டாரத்துப் பனைக்காரர்கள்தான்.

ராபர்ட் கால்டுவெல் அயர்லாந்துக்காரர். 1814ஆம் வருஷம் மே 7ஆம் தேதி பிறந்தவர். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த மறுவருஷம், 1838 ஜனவரியில், மெட்ராஸில் கப்பல் இறங்கினார். அவர் வந்த கப்பலில் தெலுங்கு அகராதி செய்த சி.பி. பிரவுனும் பயணம் செய்தார். மாதக்கணக்கில் கடலில் இருந்தபோது பிரவுனிடம் இந்த நாட்டு மொழிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். மொழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் பழக்கம் கப்பலிலேயே ஆரம்பித்துவிட்டது என்று சொல்லலாம்.

மெட்ராஸில் மூன்று வருஷம் தமிழ் படித்தார். 1841இல் அங்கிருந்து கிளம்பி நடந்தே தெற்கே வந்தார். சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, கோயம்புத்தூர், மதுரை என்று சுற்றி, அந்த வருஷக் கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தார். வண்டி கட்டிக்கொண்டு நேர்வழியில் வந்திருக்கலாம். ஊர் ஊராக நின்று, மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்போது அவருக்கு வயது 27. 1883இல் தூத்துக்குடிக்குக் குடிபோகும் வரை நாற்பது வருஷத்துக்கு மேல் இடையன்குடிதான் அவர் ஊர். இங்கிலாந்துக்குப் போனார், வந்தார். வந்து இறங்கியது இந்த வீட்டில்.

நான் பொதுப்பணித்துறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன். பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் முதலில் சுவரில் கை வைத்துப் பார்ப்பது வழக்கம். பேத்தியிடம் அந்தக் காலத்து மிஷன் பங்களாக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். விக்டோரியா காலத்து வீடு என்றால் லண்டன் படங்களில் வருகிற, செங்கல் புகைக்கூண்டு வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர் வெயிலில் அது செல்லாது. தடிச் சுவர், உயரமான கூரை, முன்னால் தாழ்வாரம், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக எதிரெதிராகக் கதவு ஜன்னல். திட்டம் அவர்களுடையது, பொருளும் கையும் நம்முடையவை. காளவாசலில் சுட்ட சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விடுவார்கள். அந்தச் சாந்து இறுக நாளாகும். இறுகிவிட்டால் உளி முனை மழுங்கும்.

கூரையைப் பற்றியும் ஒன்று சொன்னேன். இன்றைக்குப் பழைய பங்களா என்றாலே மங்களூர் ஓடுதான் நினைவுக்கு வருகிறது. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்ததே 1865இல்தான். அதற்கு முன்னால் தென்னாட்டில் வீடு கட்டிய வெள்ளைக்காரர் பலருக்கும் பனை ஓலையும் நாட்டு ஓடும்தான். பனங்கை உத்திரமும் நம் பனைதான். பனங்கையில் வைரம் பாய்ந்திருந்தால் கரையான் கிட்டே வராது.

வீட்டை நல்லபடியாக வைத்திருக்கிறார்கள். தமிழக அரசு புதுப்பித்து, 2011 பிப்ரவரி 17ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி நினைவு இல்லமாகத் திறந்து வைத்தார். கால்டுவெல்லின் மார்பளவுச் சிலையும் வைத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் தபால் தலை வந்தது. சென்னைக் கடற்கரையில் சிலை, 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போதே வைத்ததுதான்.

பேத்தி சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, எந்தப் புத்தகத்தை இந்த வீட்ல இருந்து எழுதினாரு?"

சட்டென்று பதில் சொல்லிவிட முடியவில்லை.

அவள் கேட்டது 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்'. அந்தப் புத்தகம் அச்சானது 1856இல், லண்டனில். உடம்பு சரியில்லாமல் 1854இல் ஊருக்குப் போனவர், அங்கே இருந்தபோது அதை முடித்து வெளியிட்டார். விரித்து எழுதிய இரண்டாம் பதிப்பும் 1875இல் அவர் இங்கிலாந்தில் இருந்தபோதுதான் வந்தது. அதற்கான சேகரம் மட்டும் இங்கே நடந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று எல்லீஸ் துரை 1816லேயே சுருக்கமாகச் சொல்லியிருந்தார். கால்டுவெல் அதை வீடு கட்டுவதுபோல் கட்டினார். ஒலி, வேர்ச்சொல், பெயர், எண், மூவிடப்பெயர், வினை என்று ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டாம் பதிப்பில் தோடர், கோண்டு மக்கள் பேசுகிற பேச்சு வரை பன்னிரண்டு மொழிகளை அருகருகே வைத்துக் காட்டினார். நாம் வீட்டில் பேசுகிற பேச்சுக்கு இத்தனை பழமையும் இத்தனை உறவும் உண்டு என்று உலகத்து அறிஞர்கள் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னொரு புத்தகம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்த வாசலில் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1849இல், இந்த வீட்டில் குடியிருந்த காலத்தில் அவர் எழுதிய சிறிய புத்தகம் அது. பெயர் 'திருநெல்வேலிச் சாணார்'. மெட்ராஸில் அச்சிட்டு, மறுவருஷம் லண்டனிலும் அச்சிட்டார்கள். மிஷன் வேலைக்கு இங்கிலாந்தில் ஆதரவு திரட்ட வேண்டும். யாருக்கு வேலை செய்கிறோம் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்காக எழுதினார். சுற்றிலும் பனை ஏறிக்கொண்டிருந்த மக்களை, தன் வீட்டுக் கூரைக்குப் பனங்கை கொடுத்த மக்களை, புத்தி குறைந்தவர்கள், பேய்க்குக் கொடை கொடுக்கிறவர்கள், இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று எழுதினார். அவர் எழுதியது எங்கள் ஆட்களைப் பற்றி. அந்த மக்களுக்கு அன்றைக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியவரும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

தெரியவந்தது. அவர்கள் வைத்த பள்ளிக்கூடங்களிலேயே படித்த பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். நாசரேத்துப் பக்கத்துச் சட்டாம்பிள்ளை, மிஷனில் படித்து மிஷனில் வேலை பார்த்தவர், வெள்ளைக்காரப் பாதிரிகளை விட்டுப் பிரிந்து 1857இல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவச் சபை என்று தனியாகக் கண்டார். அந்தப் பிரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. இந்தப் புத்தகமும் ஒரு காரணம். 1880களில் எதிர்ப்பு பெரிதாகி, மனுக்கள் இங்கிலாந்து வரை போயின. கடைசியில் கால்டுவெல் அந்தப் புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

என் தாத்தா தொடக்கப் பள்ளி ஆசிரியர். எங்கோ அந்தப் புத்தகத்தின் சில பக்கங்களை வாசித்திருக்கிறார். மேடையில் யாராவது கால்டுவெல்லைப் புகழ்ந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். "நம்ம பாஷைய உசத்தினாரு, சரி. நம்மள இறக்கிப் போட்டாரே, அது கணக்குல வராதா?" என்பார்.

ஆச்சி அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பாள். "உங்களுக்குப் புத்தகம்தான் தெரியும். அந்தம்மாவத் தெரியுமா?"

அந்தம்மா என்று ஆச்சி சொன்னது கால்டுவெல்லின் மனைவி எலைசாவை. நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த சார்லஸ் மால்ட் ஐயரின் மகள். தமிழ் காதில் விழுந்தே வளர்ந்தவர். பேச்சுத் தமிழில் அவர் கணவரைவிடத் தேர்ந்தவர். 1844இல் நாகர்கோவிலில் கல்யாணமாகி இடையன்குடி வந்ததும் பெண் பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். பெண் பிள்ளை படித்தால் கிணற்றில் தண்ணீர் வற்றிவிடும் என்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்த காலம். பனை ஓலை முடையத் தெரிந்த விரல்களுக்கு எழுத்தும் கூடவே லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுத்தார். எலைசாவின் அம்மா நாகர்கோவிலில் ஆரம்பித்து வைத்த தொழில் அது. நாஞ்சில் நாட்டில் ரேந்தை என்பார்கள்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மடியில் கெட்டியான ஒரு தலையணை. அதன்மேல் கோலம் வரைந்த தாள். கோலத்தின் புள்ளிகளில் குண்டூசி. நூல் சுற்றிய சிறு சிறு கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று மாற்றி மாற்றிப் போட்டு, ஊசியைச் சுற்றி நூலை முறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு விரற்கடை பின்ன ஒரு பொழுது போய்விடும். வேலை வெள்ளைக்காரத் துரைசானிகளின் கவுனுக்குப் போனது; கூலி பின்னியவள் கைக்கு வந்தது. அந்தக் காசு அவள் காசு. பனையேறி வீட்டுப் பெண் கையில் தனிக் காசு என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

எங்கள் பூட்டி, அதாவது ஆச்சியின் அம்மா, அந்தப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தவள். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876, 77இல், வீட்டில் சோற்றுக்கு வழியில்லாமல் விடுதியில் கொண்டுவந்து விட்டார்களாம். பஞ்ச காலத்தில் கால்டுவெல் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் நிவாரணம் பார்த்தார். அதே 1877இல்தான் அவருக்குப் பிஷப் பட்டமும் வந்தது.

நான் பேத்தியிடம் இதையெல்லாம் அந்த வாசலில் நின்றே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவரு நல்லவரா கெட்டவரா தாத்தா?" என்றாள்.

நல்லவர் கெட்டவர் என்று பிரிக்க எனக்கு வரவில்லை என்றேன். அதற்குப் பதிலாக அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் தெருக்களைக் காட்டினேன். குறுக்கும் நெடுக்குமாக நேராக இருக்கும். அவர் வந்த பிறகு கோடு போட்டதுபோல் வகுத்த தெருக்கள். கிணறு வெட்டி, மரம் நட்டு, ஊரை ஊராக்கியவர் அவர்.

கோயிலுக்கு 1847இல் அடிக்கல் போட்டார். 1880இல்தான் பிரதிஷ்டை நடந்தது. முப்பத்து மூன்று வருஷம்! கையில் காசு வந்தபோது கட்டி, இல்லாதபோது நிறுத்திக் கட்டியிருக்கிறார். மேலே கூம்பி நிற்கிற அந்த ஐரோப்பிய வளைவுகளை நம் கொத்தனார்கள் முன்பின் பார்த்ததில்லை. அதனால் கால்டுவெல் தானே களிமண்ணில் மாதிரி செய்து காட்டுவாராம். அதைப் பார்த்து இவர்கள் கல்லில் கொண்டுவந்தார்கள். கட்டட வேலையில் இருந்தவன் என்பதால் அந்த ஜன்னல் வளைவின் கீழே நான் நெடுநேரம் நிற்பேன். ஒரு கல் பிசகினாலும் வளைவு உட்கார்ந்துவிடும். மாதிரியைப் பார்த்த அளவில் அதைச் செய்து முடித்த கைகள், புத்தி குறைந்தவர்களின் கைகளா? அந்தப் புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை. அதை எழுதியவருடைய கண் முன்னாலேயே, அவருடைய கோயிலிலேயே எழும்பிய மறுப்பு.

அவருக்கு அது உறைத்ததா? அவர் பிற்பாடு செய்ததை மட்டும் சொல்கிறேன். 1876ஐ ஒட்டிக் கொற்கையில் குழி வெட்டிப் பார்த்தார். பழைய கிரேக்கர்கள் கொல்கை என்று எழுதிய முத்துத் துறைமுகம் இதுதான் என்றார். 1881இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். பாண்டியர், நாயக்கர், நவாபு, பாளையக்காரர் என்று நம் ஜில்லாவின் கதையை வரிசைப்படுத்திய பெரிய புத்தகம். இந்த மண்ணுக்கு இவ்வளவு பழைய சரித்திரம் உண்டு என்று சொன்னவரே, அந்த மண்ணில் நின்றவர்களை இளப்பமாகவும் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே மேஜையில் நடந்திருக்கின்றன.

1883இல் தூத்துக்குடிக்கு மாறினார். 1891இல் பதவியை விட்டுக் கொடைக்கானல் போனார். அந்த வருஷம் ஆகஸ்ட் 28ஆம் தேதி அங்கே இறந்தார். அங்கேயே அடக்கம் செய்திருக்கலாம். மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டுவந்து, தான் கட்டிய கோயிலின் பலிபீடத்துக்குக் கீழே அடக்கம் செய்தார்கள். பாதி ஊர் அழுதிருக்கும். அந்தப் புத்தகத்தை மறக்காதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டிலேயே இரண்டு வகையும் இருந்ததே.

வீட்டுக்குத் திரும்பியதும் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே பழைய பத்திரங்கள். பூட்டி காலத்துக் கிரையப் பத்திரம் ஒன்று, பனைவிளை வாங்கியது, மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியது. பேத்தியின் கையில் கொடுத்து, "கடைசிப் பக்கம் பாரு" என்றேன்.

பூட்டனுடைய பெயரை எழுத்தர் எழுதி, அதன் பக்கத்தில் கைநாட்டு. பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் பரவி. அதற்குக் கீழே பூட்டியின் கையெழுத்து. அவளே எழுதியது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, லேஸ் பின்னுகிற நிதானத்தோடு. கடைசி எழுத்தின் புள்ளி மட்டும் அழுத்தி வைத்ததில் தாளே குழிந்திருக்கிறது.

தாத்தாவும் ஆச்சியும் போட்ட சண்டைக்கு இந்தத் தாளில் தீர்ப்பு இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். தாத்தா சொன்னதும் சரி. அந்தக் கணக்கை யாரும் அடித்துவிட வேண்டியதில்லை. ஆச்சி சொன்னதும் சரி. இடையன்குடிக்குப் போகிறவர்கள் இரண்டையும் தெரிந்துகொண்டு அந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பேத்தி அந்தக் கையெழுத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். "தாத்தா, பூட்டி பேரு இதுல எப்படி எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க" என்றாள். எனக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. அவளே வாசித்தாள்.